மலை போன வழி: தென்காசியிலிருந்து உவரிக்கு

முதல் நாள் – தென்காசி, குற்றாலம்

சென்னையில் என் வேலை மண் பரிசோதனை. அடுக்குமாடி கட்டப்போகிறவர் இடத்தைக் காட்டுவார். நாங்கள் துளை போட்டு, வருகிற மண்ணையும் பாறையையும் பெட்டியில் அடுக்கி, எத்தனை மாடி தாங்கும் என்று அறிக்கை கொடுப்போம். படித்தது நிலவியல். ஆனால் இருபது வருடமாக நான் பார்த்த பாறையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் உருளை உருளையாக வந்ததுதான். இந்த ஆனிச் சாரலுக்கு ஊருக்கு வந்தபோது ஐந்து நாள் லீவு கையில் இருந்தது. மலையில் தொடங்கிக் கடல் வரைக்கும் போய், சொந்த ஊர்க் கல்லை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கூட வருவது சித்தப்பா. முப்பது வருடம் ரிக் வண்டி வைத்து ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் போர் போட்டவர். எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை தட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வண்டி அவருடைய பழைய ஆம்னி வேன். சித்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எங்க வேணும்னாலும் சுத்துங்க. கடைசி நாள் உவரிக்கு வந்திரணும். எனக்கு அங்க ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கு." பயணம் உவரியில் முடிவது அப்படித்தான்.

காலையில் குற்றாலம். சாரல் நன்றாக இருந்தது, கூட்டமும் நன்றாக இருந்தது. பேரருவியில் நிற்க இடம் கிடைக்க முக்கால் மணி நேரம். மேலே பொங்குமாங்கடலில் விழுந்து ஒரு தடவை கோபம் தணிந்துதான் தண்ணீர் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடியில் ஒருவரும் நிற்க முடியாது. குளித்துவிட்டு ஓரமாக நின்று பாறையைத் தடவிப் பார்த்தேன். காலம் காலமாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் பிடித்துப் பிடித்து, கைக்கு எட்டும் உயரம் வரைக்கும் பிசுக்கு. அதற்கு மேலே பாறையின் நிஜ நிறம் தெரிந்தது. வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக, பாகை இழுத்து மடித்து மறுபடி இழுத்தது போல. இதற்கு நைஸ் என்று பெயர். பாறை உருகாமல், உருகுகிற சூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலே இருக்கும் பாரத்தால் நசுங்கி நெளிந்தால் இப்படி வரி விழும்.

அந்தச் சூடும் பாரமும் தரைக்கு அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில்தான் கிடைக்கும். கையில் ஷாம்பூ பாக்கெட்டோடு நாம் சாய்ந்து நிற்கிற இந்தப் பாறை அங்கே இருந்தது.

மத்தியானம் பிரானூர் பார்டரில் பரோட்டா. சாப்பிடும்போது சித்தப்பா, "சரி, இந்த மலைக்கு என்ன வயசுட்டி?" என்று கேட்டார். வாயில் நாட்டுக்கோழி இருந்ததால் யோசிக்காமல் "55 கோடி வருஷம்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சால்னாவை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

இரண்டாம் நாள் – செங்கோட்டை, ஆரியங்காவு

முதலில் ஒரு திருத்தம். நேற்று எழுதியதைச் சித்தப்பா போனில் படித்துவிட்டு, விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டார். "55 கோடி வருஷம்னு போட்டிருக்கியே, அத்தனை வருஷமா மழை சும்மாவா இருந்துச்சு? அருவாமனையைத் தீட்டினாலே நாலு வருஷத்துல தேஞ்சு போவுது."

அவர் சொல்வது சரி. 55 கோடி என்பது பாறை வெந்து உருமாறிய காலம். கண்ணுக்குத் தெரிகிற இந்த மலைக்கு அவ்வளவு வயது கிடையாது. அது வேறு கதை. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது தப்பு.

இன்று ரயில். செங்கோட்டையில் ஏறி, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவில் மலையாளத்துக்குள் வெளியே வந்து, பதிமூன்று கண் பாலம் பார்த்து, தென்மலையில் இறங்கித் திரும்புவது என்று திட்டம். இந்தப் பாதை 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்தது. அகலப்பாதையாக மாற்றி மறுபடி முழுசாக ஓடத் தொடங்கியது 2018-இல். சித்தப்பா சின்ன வயதில் இதே வழியாகப் புனலூருக்கு மாம்பழக் கூடையோடு போயிருக்கிறாராம். ஜன்னலோரம் அவருக்குத்தான்.

இந்தப் பாதை ஏன் இங்கே வந்தது? வடக்கேயும் தெற்கேயும் மலை உயர்ந்து நிற்க, செங்கோட்டைக்கு நேரே மட்டும் ஒரு தாழ்வான வாய். அந்த வாய்க்கு அடியில் போவது அச்சன்கோவில் ஷியர் ஜோன். வடமேற்கே கேரளத்திலிருந்து தென்கிழக்காக வந்து, தென்காசி வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் இறங்குகிற ஒரு பட்டை. பத்து கிலோமீட்டருக்கு மேல் அகலம், நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இதற்கு வடக்கே இருக்கிற பாறைக்கூட்டத்தை மதுரைத் தொகுதி என்றும், தெற்கே அகத்தியமலைப் பக்கத்தைத் திருவனந்தபுரம் தொகுதி என்றும் நிலவியல்காரர்கள் பிரிக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசி நகர்ந்தபோது நடுவில் மாட்டிய பாறை துவண்டு, இழுபட்டு, செங்குத்தாக வரி விழுந்து நிற்கிறது. ரயிலுக்காக வெட்டிய சுவர்களில் ஈரப்பாசிக்கு நடுவே அந்த வரிகள் நட்டுவைத்த பலகை மாதிரி தெரிந்தன. சித்தப்பா தன் பாஷையில் சொன்னார்: "இந்தப் பக்கத்துல பாறை தட்டினாலும் வெடிப்பு கெடைக்கும். அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளிப் போனா பொடிதான் பறக்கும்." எனக்கு இரண்டு செமஸ்டர் பாடம். அவருக்கு டீசல் செலவு.

இனி, அந்தப் பாறைகளை யார் இப்படி நசுக்கியது என்ற கதை. அதற்கு நம் ஊரை விட்டு வடக்கே போக வேண்டும்.

கர்நாடகத்தில் தார்வார் கிராட்டான் என்று ஒன்று இருக்கிறது. கிராட்டான் என்றால் கண்டத்தின் கிழட்டுக் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்வாரின் பழைய பாறைகளுக்கு 300 கோடி வருடத்துக்கு மேல் வயது. 250 கோடி வருடத்துக்கு முன்பே அது இறுகி ஓய்ந்துவிட்டது. இந்த மாதிரிக் கட்டைகளின் அடியில் குளிர்ந்த, கனம் குறைந்த வேர் ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். சில இடங்களில் 200 கிலோமீட்டர் வரைக்கும். அதனால் அவை லேசில் மூழ்குவதும் இல்லை, உடைவதும் இல்லை. சுற்றி நடக்கிற அமளியெல்லாம் அதன் ஓரத்தோடு நின்றுவிடும்.

குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி நடுவே நிற்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கட்டடம் அப்படியே தண்ணீருக்குள் நிற்கும். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பாருங்கள். கோயில் அசையாமல் இருக்கும். அதன் முகப்பைச் சுற்றி வாழைத்தண்டு, நாணல், யார் வீட்டுக் கூரையோ, செருப்பு, பாதி மரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கிக் கிடக்கும். கோயில்தான் கிராட்டான். அந்தக் குப்பைதான் மலைத்தொடர். சொன்னால் என் வீட்டிலேயே கோபித்துக்கொள்வார்கள், ஆனால் திருநெல்வேலியும் தென்காசியும் மதுரையும் எல்லாம் அப்படி ஒதுங்கி நெருக்கிய குப்பையில்தான் இருக்கின்றன.

வெள்ளத்துக்குப் பதில் கடல். கிராட்டானின் ஓரத்தில் ஒரு கடல் இருந்தது. கடலின் அடித்தரை கனமானது, ஆறிப்போனது. கண்டத்தின் விளிம்புக்கு அடியில் அது சரிந்து இறங்கும். இறங்கும்போது கசிகிற நீர் மேலே இருக்கும் பாறையை உருகவைக்கும், எரிமலை வரிசை எழும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். கடைசியில் கடல் தீர்ந்து இரண்டு நிலமும் முட்டும். முட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இமயமலை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. ஐந்து கோடி வருடமாக முட்டல் நடக்கிறது, திபெத்துக்கு அடியில் நிலத்தின் ஓடு 70 கிலோமீட்டர் கனத்துக்குப் போய்விட்டது.

நம் பக்கத்தில் இந்த முட்டல் ஏறக்குறைய 55 கோடி வருடத்துக்கு முன்னால். அப்போது மூடிய கடலுக்கு மொசாம்பிக் பெருங்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒட்டி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆனது அந்தச் சமயத்தில்தான். (கோண்டுவானா என்பதும் நம் நாட்டுச் சொல்லே. கோண்டு மக்களின் நாடு. 1872-இல் மெட்லிகாட் என்பவர் நிலவியலுக்குள் கொண்டுவந்தார்.) மூடிய தழும்பு பாலக்காடு–காவிரி வழியாகப் போகிறது என்பது பலர் சொல்வது. அச்சன்கோவிலிலும் ஒரு தழும்பு உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதன் மறுபாதியை மடகாஸ்கரில் ரனோட்சாரா என்ற பட்டையில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டை நான் படிக்கும்போதே நடந்தது, இன்னும் நடக்கிறது. என் கட்சி பாலக்காடு–காவிரி. ஆனால் கட்சிக்காகச் சண்டை போடுகிற வயது போய்விட்டது.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடமில்லை. குகைக்குள் நின்றுகொண்டே வந்தோம்.

மூன்றாம் நாள் – ஆலங்குளம் போகும் வழி

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. பாவூர்சத்திரம் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. சித்தப்பா ஒரு பைக்காரரை நிறுத்தி, "அண்ணாச்சி, இந்தச் சக்கரத்தை மட்டும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்" என்று பின்னால் ஏறிப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் நான் மட்டும் ரோட்டோரத்தில்.

ஆனால் நின்ற இடம் நல்ல இடம். சாலைக்குப் போட ஜல்லி குவித்திருந்தார்கள். ஒரு கல்லை எடுத்து இன்னொன்றால் உடைத்தேன். வெளியே தேன்மெழுகு போலப் பழுப்பாக ஒரு தோல். உள்ளே புதுமுகம் கரும்பச்சையும் நீலமும் கலந்து, விளக்கெண்ணெய் தடவினது போல மினுமினுத்தது. குற்றாலத்துப் பாறையில் இருந்தது குளிக்கிறவர்கள் எண்ணெய். இது கல்லுக்குச் சொந்தமான எண்ணெய். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இல்லை, பாசிப்பயறு நிறத்தில் இருந்தது. நடுவில் பழுப்புக் கறுப்பாக ஹைப்பர்ஸ்தீன் என்ற தாது. அது இருந்தால் இது சார்னோக்கைட்.

பெயர் வந்த கதை வேடிக்கை. ஜாப் சார்னாக் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் கல்கத்தாவில் செத்துப்போனார். அவர் சமாதிக்கு மேலே போட்ட கல் சென்னைப் பக்கத்துக் கல். இருநூறு வருடம் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் பாறைதான் இது என்று கண்டு, செத்தவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்துக்காரர் யாராவது கண்டுபிடித்திருந்தால் பல்லாவரக்கல் என்று இருந்திருக்கும். ஒரு விஷயம்: பல்லாவரத்துக் கல்லுக்கு 250 கோடி வருடம். இங்கே வெந்தது 55 கோடி வாக்கில். ஒரே சமையல், வேறு வேறு காலத்துப் பந்தி.

சமையல் என்றால் சமையல்தான். முட்டலில் கனத்துப்போன நிலத்தோட்டின் அடிப்பாகம் 700, 800 டிகிரிக்குச் சூடாகிறது. பக்கத்தில் ராஜபாளையத்துப் பாறைகளில் 900 டிகிரிக்கு மேலே போன அடையாளம் இருக்கிறது. அந்தச் சூட்டில் பாறைக்குள் இருக்கும் நீர் வெளியேறிவிடும். காக்காப்பொன் என்கிறோமே மைக்கா, அதற்குத் தன் உடம்பில் நீர் வேண்டும். நீர் போனதும் அது சிதைந்து ஹைப்பர்ஸ்தீன் பிறக்கிறது. வற்றக் காய்ச்சிய பாறை. 1936-இல் ஃபெர்மோர் என்பவர் இந்தியத் தீபகற்பத்தையே சார்னோக்கைட் இருக்கும் பக்கம், இல்லாத பக்கம் என்று ஒரு கோடு போட்டுப் பிரித்தார். நம் பக்கத்தில் அந்தக் கோடு தருமபுரி, கிருஷ்ணகிரி வாக்கில் போகிறது. அதற்கு வடக்கே கிராட்டான். தெற்கே போகப் போக ஆழத்தில் வெந்த பாறை.

டயரோடு வந்த சித்தப்பாவிடம் கல்லைக் காட்டினேன். ஒரு பார்வைதான். "இதுவா? நீலப்பொடி. இந்தப் பொடி வந்துட்டா ராடைத் தூக்கிரணும். முந்நூறு அடி போனாலும் ஈரம் இருக்காது. பார்ட்டி விட மாட்டான், இன்னும் அம்பது அடி போடுங்கம்பான். தேங்காய் உருட்டிப் பாத்தவன் சொல்லிட்டானாம்."

நீர் வெளியேறிய பாறை என்று புத்தகம் சொல்வதை இவர் முப்பது வருடமாக வேறு கணக்கில் அனுபவித்திருக்கிறார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. போருக்குத் தண்ணீர் வெடிப்பில் வருவது, மைக்காவின் நீர் வேறு. ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது புளியரைப் பக்கம் ஜல்லி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கேரளத்துக்கு. மலையை உடைத்து மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள்.

நான்காம் நாள் – தாழையூத்து, ஆதிச்சநல்லூர்

சங்கர்நகர் என்றால் ஊர்க்காரர்களுக்குச் சிமென்ட். 1949 முதல் ஓடுகிற ஆலை. சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், அது தாழையூத்துச் சுற்றுவட்டாரத்தில் பட்டை பட்டையாகப் பூமிக்குள் இறங்குகிறது. காட்டு ஓரத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்தேன். வெள்ளை. உடைத்த முகம் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று மின்னியது. இங்கங்கே பச்சைப் பாட்டில் உடைசல் போல டயாப்சைடு என்ற தாதுவின் புள்ளி. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். இரண்டு சொட்டு விட்டதும் சோடா போல நுரைத்தது. சித்தப்பா குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலில் படிவது. ஆழமில்லாத, கலங்காத கடல். அந்தப் படிவுதான் முட்டலில் மாட்டி ஆழத்துக்குப் போய், வெந்து, பளிங்காக ஆகித் திரும்பியிருக்கிறது. கிட்டத்திலேயே கோண்டலைட் வகைப் பாறைகளும் உண்டு. அவை பழைய களிமண். களிமண்ணில் இருந்த அலுமினியம் சிலிமனைட் ஊசிகளாகவும் சிவப்புக் கார்னெட்டாகவும் மாறிவிட்டது. அதில் கிடந்த உயிர்ச்சத்தின் கரி கிராஃபைட்டாகி, பென்சில் போலக் கையில் ஒட்டுகிறது. மணல், சுண்ணாம்பு, களிமண். ஒரு கடற்கரைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

"ரெண்டு நாள் முன்னால சொன்ன கடல் இதுதானா?" என்றார் சித்தப்பா.

அதன் கரை என்று வேண்டுமானால் சொல்லலாம். நாம் பூசுகிற சிமென்டில் அந்தக் கரை இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக்குத் தென்கரை. பழைய திருநெல்வேலி மாவட்டம், 1986-இலிருந்து தூத்துக்குடி. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய இடம். இப்போது கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குழியைப் பார்க்கலாம். எல்லாரும் தாழிகளைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அவ்வளவு பெரிய பானையைச் சுட்டவர் யாரோ, ஒரு விரல் தடம்கூட இருக்கிறதா என்று தேடினேன். அப்புறம் கண் குழியின் சுவருக்குப் போய்விட்டது. பரம்பு என்கிற இந்த மேட்டில் மேலே சரளை, வெங்கச்சங்கல். கீழே வெள்ளைக் குவார்ட்சைட் பாறை. பாறையைக் குடைந்து குழியாக்கித்தான் தாழியை இறக்கியிருக்கிறார்கள். விளைகிற மண்ணை வீணாக்காமல், உழ முடியாத கல் மேட்டைச் செத்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த மேடு ஏன் உழ முடியாமல் நிற்கிறது? குவார்ட்சைட் என்பது மணல் வெந்து இறுகியது. சுற்றியிருந்த நைஸ் கரைந்து வயலாகும்போதும் அது கரைய மறுத்துவிட்டது. ஏதோ ஒரு தொல்கடலின் மணல், மனிதர்களுக்கு இடுகாடாக ஆகியிருக்கிறது.

ராத்திரி பாளையங்கோட்டை வீட்டில் சித்தப்பா பழைய கேள்விக்கே வந்தார். "எல்லாம் சரிட்டி. முப்பது கிலோமீட்டர் ஆழத்துல இருந்தது எப்படி மேல வந்துச்சு? யாரு தோண்டினா?"

தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணியில் இருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள் என்றேன். மூட்டை இறங்க இறங்கத் தோணி மிதந்து மேலே வரும். முதலில் தண்ணீருக்குள் இருந்த பாசி பிடித்த பலகை, கொஞ்ச நேரத்தில் வெயிலில் காயும். மலையும் அப்படித்தான் மிதக்கிறது. உச்சியை மழையும் ஆறும் அரிக்க அரிக்க, பாரம் குறைந்து, அடி எழும்பும். எழும்பியதை மறுபடி அரிக்கும். இருபது, முப்பது கிலோமீட்டர் இப்படிப் போயிருக்கிறது. இமயம் போன்ற ஒரு தொடர் இங்கே நின்றது. அதன் உச்சியில் ஒரு கல்கூட மிச்சமில்லை. மிச்சமிருப்பது அடிப்பலகை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டும் நெல்லையப்பர் கோயிலும் அதன் மேல்தான் இருக்கின்றன.

"அப்போ குற்றாலம்?"

குற்றாலம் ரொம்பப் பின்னால். கோண்டுவானா உடைந்து, 8.8 கோடி வருடத்துக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டு விலகியது. அறுந்த அந்த மேற்கு ஓரம் உயர்ந்து, அரிபட்டு இன்றைய மேற்குத்தொடர்ச்சி மலை ஆனது. பழைய மலையின் அடிப்பலகையை ஓரத்தில் மட்டும் நிமிர்த்தி வைத்த மாதிரி. அருவி விழுகிற கல் பழையது, அருவி விழுகிற உயரம் புதியது.

சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டு, "இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

ஐந்தாம் நாள் – உவரி

சித்தியும் வண்டியில். பின் சீட்டில் இரண்டு ஓலைப்பெட்டி, மாற்றுத்துணி, புளியோதரை. திசையன்விளைக்கு நேராகப் போகாமல் சாத்தான்குளம் சுற்றிப் போகச் சொன்னேன், தேரியைப் பார்க்க. இரத்தச் சிவப்பு மணல், பனை, ஆள் சத்தமில்லை. ஐந்து நிமிடம் நின்றோம். கருப்பட்டிக் காபி குடித்தோம். தேரியைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். பனியுகம், காற்று, இரும்புத் துரு என்று அது தனிக் கதை.

உவரிக் கடல் இன்று கொஞ்சம் மூர்க்கமாக இருந்தது. அலை ஏறி இறங்கிய சரிவில், விபூதி பூசிய நெற்றியில் குங்குமத்தை இழுத்தது போலச் சிவப்புக் கோடுகள். அதற்குப் பக்கத்திலேயே கறுப்புக் கோடு. ஈர மணலை உள்ளங்கையில் எடுத்து, தண்ணீரில் மெல்லச் சுழற்றினேன், அரிசி களைகிற மாதிரி. வெள்ளை மணல் முதலில் போய்விட்டது. கையில் நின்றது சிவப்பும் கறுப்பும். குவார்ட்ஸ் மணலைவிடக் கார்னெட் ஒன்றரை மடங்கு கனம், கறுப்பாக இருக்கும் இல்மனைட் இன்னும் கனம். அலை தினமும் செய்வது இதைத்தான். லேசானதை அடித்துக்கொண்டு போகும், கனத்தது கரையில் தங்கும்.

சித்தப்பா பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. காட்டியதும் கறுப்பு மணல் மீசை மீசையாக ஒட்டியது. சிவப்பு அநேகமாக அப்படியே கிடந்தது. அதை லென்ஸில் பார்த்தேன். மாதுளை முத்தை உடைத்துப் போட்டது போல இளஞ்சிவப்பு, ஓரம் மழுங்கியது, உள்ளே வெளிச்சம் போய் வருகிறது. இந்தக் கார்னெட் கடலில் உண்டானதும் இல்லை, தரையில் உண்டானதும் இல்லை. நேற்றுச் சொன்ன களிமண், ஆழத்தில் வெந்தபோது பிறந்த மணி. அது இருந்த பாறையை ஆறுகள் அரித்து, உருட்டி, இங்கே கொண்டுவந்து போட்டிருக்கின்றன. போன மலையின் மேல்பாகம் எங்கே என்றால், ஒரு பங்கு இதோ கையில் இருக்கிறது.

இதே மணலில் மோனசைட்டும் கொஞ்சம் இருக்கும், மஞ்சள் பழுப்பில். தோரியம் உள்ள தாது. தோரியமும் யுரேனியமும் ஒரே கணக்கில் சிதைந்து ஈயமாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த மணி பிறந்த காலம் தெரியும். நான் முதல் நாள் பரோட்டாக் கடையில் அலட்சியமாகச் சொன்ன 55 கோடி, இந்த மாதிரித் தாதுக்களில் இருந்து வந்த எண்தான்.

இந்த மணலுக்கு விலை உண்டு. உப்புத்தாள், உலோகம் அறுக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் கார்னெட் வேண்டும். அள்ளினார்கள், ரொம்பவே அள்ளினார்கள். 2013-இல் மாநில அரசு தடை போட்டது. அந்தக் கதையை இந்தக் கரையில் யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

சித்தி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்ச்சை என்றால், கடலில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து போடுவது. பதினொரு பெட்டி, சிலருக்கு நாற்பத்தொன்று. சித்தப்பாவின் முழங்காலுக்காகச் சித்தி பதினொன்று நேர்ந்திருந்தார். ஏற்கெனவே பலர் போட்ட மண் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு கொட்டக் கொட்ட, மண் உச்சியிலிருந்து சரிந்து பக்கத்தில் வழிந்தது. சரிந்த இடத்தில் சிவப்பு தனியாகப் பிரிந்து ஒரு வரி விழுந்தது. நான் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எட்டி, போட்டோ பொறவு எடுக்கலாம். எத்தனை ஆச்சுன்னு எண்ணினியா?"

"பத்து சித்தி."

"ஒம்பதுதான்" என்றார் சித்தப்பா.

சித்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஒம்பதுன்னே இருக்கட்டும். கூடிட்டா சாமி ஒண்ணும் சொல்லாது" என்று காலிப் பெட்டியைத் தட்டிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார்.